சகாயசெல்வி சொன்ன ‘வாரேன்’

என் தங்கச்சி சகாயசெல்வி, வெயிலைப் பற்றிப் படிக்க வெயிலே இல்லாத ஊருக்குப் போனவள். இப்படிச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். வரட்டும். 2004-ஆம் வருஷம், ஜெர்மனியில் வடக்கே ஒரு ஊரில், சூரிய ஒளியிலும் காற்றிலும் மின்சாரம் எடுக்கிற மேல்படிப்புக்கு இடம் கிடைத்துப் போனாள். புதுப்பிக்கத்தக்க எரிசக்தி என்று அதற்கு நீளமான பெயர். அப்பா வாயில் அது நுழையவே இல்லை. யார் கேட்டாலும் “சின்னவ கரண்டு படிக்கிறா” என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார்.

அப்பா பாக்கியராஜுக்குத் திண்டுக்கல்லில் வேடசந்தூர் ரோட்டோரம் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. தோட்டத்துக் கிணற்று மோட்டார் புகைந்துபோனால், மாட்டு வண்டியிலோ டி.வி.எஸ் வண்டியிலோ தூக்கிப் போட்டுக்கொண்டு எங்களிடம்தான் வருவார்கள். அப்பா எரிந்த கம்பியை உருவிவிட்டுப் புதுச் செம்புக்கம்பி சுற்றிக் கொடுப்பார். ஊருக்குள் வோல்டேஜ் இறங்கினால் எங்கள் வீட்டில் வருமானம் ஏறும். அந்த வீட்டில் பிறந்துவிட்டு, மோட்டாரே எரியாமல் இருக்க வழி தேடிப் படிக்கப் போனாளே, அவளை என்ன சொல்ல! “பெத்த அப்பன் பொழப்புல மண்ணள்ளிப் போடத்தான இம்புட்டுத் தூரம் போறா” என்று அப்பா வருவோர் போவோரிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிச் சிரிப்பார்.

நான் ஏஞ்சலின், மூத்தவள். அவள் போன மறுவருஷம், தலைப்பிரசவத்துக்காக நான் தாய்வீட்டுக்கு வந்திருந்தேன். வயிறு முன்னால் போகும், நான் பின்னால் போவேன். அந்த நவம்பர் மாத வெள்ளிக்கிழமை ஜெர்மனியில் என்ன நடந்தது என்று நான் சொல்லும்போது, நீ என்ன கூட இருந்து பார்த்தாயா என்று கேட்கக் கூடாது. அவள் பின்னால் சொன்னதை வைத்துச் சொல்கிறேன். அவள் சொல்லாமல் விட்டதையும் சேர்த்தே சொல்கிறேன். அவளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு தெருத்தெருவாய்த் திரிந்தவள் நான், எனக்குத் தெரியாதா?

அங்கே நவம்பரில் காலை ஏழரைக்கும் இருட்டாம். எழுந்ததும் சமையலறைக்குப் போய், முந்தின நாள் சோற்றில் மோரை ஊற்றிக் கரைத்து, அம்மா கட்டிக் கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுவாள். எங்களிடம் மட்டும் “ரொட்டிதான்க்கா சாப்டுறேன், பழகிருச்சு” என்று அளப்பாள். பக்கத்து அறைக்காரி ஹிருத் எத்தியோப்பியாவிலிருந்து வந்து அதே படிப்புப் படிக்கிறவள். அவள் போடுகிற காப்பி எட்டு வீட்டுக்கு மணக்குமாம். காப்பியைக் குடித்துவிட்டு, சுவெட்டர் மேல் சுவெட்டர் போட்டு, அதற்கு மேல் கோட்டும் போட்டு, இரண்டு பேரும் சைக்கிளை மிதிப்பார்கள். எதிர்க்காற்று பின்னால் தள்ளும். ரோட்டோரம் வயல்களில் பெரிய பெரிய காற்றாலைகள் அசராமல் சுற்றும். “அதுக்கென்னக்கா, அது சுத்துது. நானுல்ல மிதிக்கணும்” என்பாள்.

சோதனைக்கூடத்தில்தான் வேடிக்கை. சூரியத் தகடு எவ்வளவு மின்சாரம் கொடுக்கிறது என்று அளக்க வேண்டும். சூரியன் வந்தால்தானே? அதற்காகக் கூரையில் ராட்சச விளக்கு ஒன்றைத் தொங்கவிட்டு, அதைச் சூரியனாக வைத்துக்கொண்டு அளப்பார்கள். அந்த விளக்கைப் போட்டதும், வெயில் ஊர்களிலிருந்து வந்த பிள்ளைகள் எல்லாரும் அளப்பதுபோல அதன் கீழே போய் நின்றுகொண்டு குளிர் காய்வார்களாம். என் தங்கச்சி முதல் ஆளாக நிற்பாள். திண்டுக்கல்லில் இருந்தவரைக்கும் குடை இல்லாமல் வெளியே கால் வைக்காத மகராசி!

எல்லாம் சந்தோஷமாகத்தான் போனது, ஒன்றைத் தவிர. இரண்டாம் வருஷம் ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு ஆராய்ச்சி செய்ய வேண்டும். அதற்கு ஏதாவது ஒரு பேராசிரியர், நான் பொறுப்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவரும் ஒப்புக்கொள்ளாவிட்டால் பட்டம் கிடையாது, பாதிப் படிப்போடு பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். வேடசந்தூர்ப் பக்கத்துக் கிணறுகளில் சூரிய ஒளியில் ஓடுகிற மோட்டார் வைத்துப் பார்ப்பது என்பதுதான் இவள் ஆசை. இரண்டு பேராசிரியர்கள் இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று கையை விரித்துவிட்டார்கள். கூடப் படிக்கிறவர்களுக்கெல்லாம் ஆள் கிடைத்தாயிற்று. பாக்கி இருந்தது பிராண்ட் என்கிற ஒரே ஒரு அம்மாதான். அந்த அம்மாவும் மாட்டேன் என்றால் அவ்வளவுதான். இங்கே அப்பாவோ பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் மகள் பட்டத்தோடு வருவாள் என்று சொல்லி வைத்திருக்கிறார். சகாயசெல்விக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் பிராண்ட் அம்மாவைப் பார்க்கப் போனாள். ஒல்லியான அம்மா, வெட்டிய நரைமுடி, கடிகாரம் பார்த்துத்தான் தும்மவே தும்முவார் என்று பிள்ளைகள் பேசிக்கொள்வார்களாம். பேச்செல்லாம் இங்கிலீஷில். இவள் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அந்த அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“உங்கள் ஊரில் விவசாயக் கிணற்றுக்கு மின்சாரம் இலவசம் என்கிறாய். இலவசமாக வருவதை விட்டுவிட்டு இதை யார் வாங்குவார்கள்?”

இதற்குப் பதில் தெரியாதா அவளுக்கு? மின்சாரம் இலவசம், சரி. அது வருகிற நேரம் நம் கையிலா இருக்கிறது? வந்தாலும் முக்கி முனகி வரும், மோட்டார் புகைந்துபோகும், அதைக் கட்டுகிற கூலி இலவசமா? எங்கள் கடை வாசலில் தினமும் வெள்ளாமை செய்கிற சம்சாரிகள் அப்பாவிடம் கத்துவதே இதைத்தான். தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து கேட்டு வளர்ந்தவள். ஆனால் அந்த நேரம் பார்த்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

“தேவை இருக்கிறது என்று காட்ட ஒரு படமோ கணக்கோ வைத்திருக்கிறாயா?”

“இல்லை.”

“ம்” என்று அந்த அம்மா பேனாவை மூடினார். அத்தோடு முடிந்தது என்று இவளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்தாள்.

இப்போது எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் பக்கம் யார் வீட்டிலும் இதுதான் வழக்கம், எங்கள் அம்மாவிடம் கொஞ்சம் அதிகம். வீட்டை விட்டுக் கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொல்லக் கூடாது. எதிர்த்த கடைக்கு உப்பு வாங்கப் போனாலும் ‘வாரேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். தவறிச் சொல்லிவிட்டால், “போறேன் போறேன்னு என்னடி பேச்சு? எங்க போற? வாரேன்னு சொல்லு” என்று வாசல் வரைக்கும் வந்து சொல்ல வைத்துவிட்டுத்தான் விடுவார். சகாயசெல்வியை ரயிலேற்றிய அன்றைக்கு அப்பா அவசரத்தில் “சரி, போ ஆத்தா, வண்டி கெளம்புது” என்று சொல்லிவிட்டு, பிளாட்பாரத்திலேயே அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அப்படி வளர்ந்த பிள்ளை, மனசு உடைந்து நிற்கிற நேரத்தில் வாயில் வேறென்ன வரும்? விடைபெறும்போதாவது அவர்கள் பாஷையில் மரியாதையாகச் சொல்வோமே என்று, புதிதாகப் படித்த ஜெர்மன் பாஷையில் ‘வாரேன்’ என்று சொன்னாள். அந்த பாஷையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். இதோ வருகிறேன், இரு என்று அர்த்தம். அவள் அதைச் சொன்னதும் பிராண்ட் அம்மா முகம் மலர்ந்து, “நல்லது!” என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாராம். நான் தொலைந்தால் போதும் என்று இருக்கிறது இந்த அம்மாவுக்கு என்று நினைத்துக்கொண்டு இவள் வெளியே வந்துவிட்டாள்.

வந்தவள் நேரே டெலிபோன் கூண்டுக்குள் போய் எங்கள் வீட்டுக்குப் போன் போட்டாள். இங்கே அப்போது மத்தியானச் சாப்பாடு முடிந்து, நான் செத்த நேரம் சாயலாம் என்று பாயை விரித்திருந்தேன். எடுத்தால் ஒரே கரகரப்பு.

“அக்கா, முடிஞ்சிருச்சுக்கா.”

“முடிஞ்சிருச்சா! அந்தக் கடைசி அம்மாவா?”

“ஆமாக்கா. முடிஞ்சிருச்சு. அப்பாட்ட நீயே சொல்லிரு. என்னால முடியாது.” சொல்லிவிட்டு அழுதாள்.

“அடி கிறுக்கி, இதுக்கா அழுவாக? நான் சொல்லிர்றேன்.”

“நான் வாரேன்க்கா.”

“சரிடி, வா. மொதல்ல போயி நல்லாச் சாப்டு.”

அவ்வளவுதான், போன் கட்டாகிவிட்டது. இப்போது நீங்களே நியாயம் சொல்லுங்கள். பெண் பார்த்துப் பேசி ஒத்துப்போனால் நம் ஊரில் எப்படிச் சொல்வோம்? ‘முடிஞ்சிருச்சு’ என்போம். இடம் விலை பேசிக் கைகுலுக்கினால்? ‘முடிஞ்சிருச்சு’தான். போனை வைக்கும்போது என்ன சொல்வோம்? ‘வாரேன்’ என்போம். அவள் தோற்றுப்போய் ஊருக்கே திரும்பி வருகிறேன் என்று சொன்னாளாம், அது எனக்குப் புரிந்திருக்க வேண்டுமாம்! இன்றைக்குவரை வீட்டில் எல்லாரும் என்னைத்தான் பிடித்து ஆட்டுகிறார்கள். தெளிவாகச் சொல்லத் தெரியாதவளை ஒருத்தரும் ஒன்றும் கேட்பதில்லை.

நான் கடைக்குள் போய் “அப்பா, சின்னவளுக்கு முடிஞ்சிருச்சாம்!” என்றேன். அப்பா கையில் சுற்றிக்கொண்டிருந்த செம்புக்கம்பி அப்படியே நழுவிப் பொலபொலவென்று அவிழ்ந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை. “மாதாவே!” என்று ஒரு சத்தம் போட்டார். அம்மா அடுப்படியிலிருந்து அலறிக்கொண்டு ஓடி வந்தார்.

“கறி எடுத்துட்டு வரட்டுமா?” என்றார் அப்பா.

“வெள்ளிக்கெழமையும் அதுவுமாக் கறியா? அடுப்புல ஏத்த மாட்டேன், பாத்துக்கங்க.”

“அப்ப வேற என்னத்த குடுக்கிறது? ஊருக்கு ஏதாச்சும் குடுக்கணுமில்ல?”

யோசித்துப் பார்த்துவிட்டு டி.வி.எஸ் வண்டியை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது வண்டியின் முன்னும் பின்னும் சிறுமலை வாழைத்தார். மலைப்பழம் மலிவாகவா கிடைக்கும்? அப்பா அதையெல்லாம் பார்க்கவில்லை. கனமான மோட்டாரைத் தூக்குவதற்கென்று கடை முகப்பில் சங்கிலி ஒன்று தொங்கும். அதில் ஒரு தாரை மாட்டி, முகம் உயரத்துக்கு ஏற்றிவிட்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பிய்த்துப் பிய்த்துக் கொடுக்க ஆரம்பித்தார்.

பக்கத்து ஜெராக்ஸ் கடை கமர்ஜஹான் அக்கா வந்து, “என்ன பாக்கியண்ணே, சின்னப் பாப்பாவுக்கு மாப்ள முடிஞ்சிருச்சா?” என்று கேட்டார்.

“அதவிடப் பெருசும்மா! கரண்டு முடிஞ்சிருச்சு!”

அந்த அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டார். சாயங்காலம் வேடசந்தூர் நூல்மில் பஸ் வந்தது. அப்பா நடுரோட்டில் போய்க் கையைக் காட்டி நிறுத்தி, ஜன்னல் ஜன்னலாக உள்ளே பழத்தை நீட்டினார். வேலை முடிந்து வந்த பெண்கள், தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல், “எதுக்கு மாமா? எதுக்கு மாமா?” என்று சிரித்துக்கொண்டே வாங்கினார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார். அவருக்கும் கொடுத்தார். நான் எத்தனை தின்றேன் என்று என்னைக் கேட்காதீர்கள். வயிற்றிலிருந்த பிள்ளைக்கும் சேர்த்துத்தானே தின்ன வேண்டியிருந்தது?

இங்கே திருவிழா நடக்கிறது. அங்கே அவள் அறைக்குப் போய்ப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு குப்புறப் படுத்திருக்கிறாள். மத்தியானம் ஹிருத் கதவை இடித்தாள்.

“நீ இங்கே படுத்திருக்கிறாயா? பிராண்ட் அம்மா உனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார். சாப்பிடக்கூடப் போகவில்லை. நீ படமோ கணக்கோ கொண்டு வருகிறாய் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.”

“நான் எப்போது வருகிறேன் என்று சொன்னேன்?”

கேட்ட வாய் மூடவில்லை, அவளுக்கு விளங்கிவிட்டது. சொன்னாள்தான். அதுவும் அவர்கள் பாஷையிலேயே வாய் நிறையச் சொல்லிவிட்டு வந்தாள்! அழுத கண்ணோடு அவள் சிரிக்க, ஹிருத் பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாளாம். விஷயத்தைச் சொன்னதும், “ஐயோ, ஓடிப் போய் மன்னிப்புக் கேள்” என்றாள் ஹிருத்.

சகாயசெல்வி யோசித்தாள். மன்னிப்புக் கேட்டால் மரியாதை மிஞ்சும், வேறொன்றும் மிஞ்சாது. ஆனால் அந்த அம்மா காத்திருக்கிறார் என்றால், கதவு இன்னும் சாத்தப்படவில்லை என்று அர்த்தம். வாரேன் என்று சொல்லியாயிற்று, வந்துவிட வேண்டியதுதான் என்று எழுந்து உட்கார்ந்தாள். ஒரு தாளை எடுத்தாள். எங்கள் கடை வாசலை நினைத்துக்கொண்டாள். கார்த்திகை, மார்கழியில் மழை ஈரம் இருக்கிறபோது வாசல் காலியாகக் கிடக்கும். மாசி பிறந்ததும் ஒன்றிரண்டாய் மோட்டார்கள் வரும். சித்திரை, வைகாசியில் கிணற்றுத் தண்ணீர் அடியில் போய், எல்லாரும் ஒரே நேரத்தில் மோட்டாரைப் போட்டு, வோல்டேஜ் படுத்து, எரிந்த மோட்டார்கள் வாசலில் நடக்க இடமில்லாமல் குவிந்து கிடக்கும். அந்த ஏற்றத்தை ஒரு கோடாக இழுத்தாள். எங்கள் ஊர் வெயில் எந்த மாசம் எப்படி ஏறும் என்பதை அதன் பக்கத்திலேயே இன்னொரு கோடாக இழுத்தாள். இரண்டு கோடும் தோளோடு தோள் சேர்ந்து மேலே ஏறின. மின்சாரம் கைவிடுகிற மாசத்தில்தான் வெயில் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. இத்தனை வருஷம் அந்த வாசலில் விளையாடியும் அன்றைக்குத்தான் அவளுக்கே அது கண்ணில் பட்டது.

தாளைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு சைக்கிளை மிதித்தாள். அன்றைக்கு எதிர்க்காற்று அவளுக்கு உறைக்கவே இல்லையாம்.

பிராண்ட் அம்மா மேஜையில் ஒரு ஆப்பிளைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கோபப்படவில்லை. “தாமதம்தான். ஆனால் வந்துவிட்டாய்” என்று தாளை வாங்கிப் பார்த்தார். ஆப்பிளைக் கீழே வைத்தார். “இதை விளக்கு” என்றார். இந்தத் தடவை நாக்கு எங்கும் ஒட்டிக்கொள்ளவில்லை. கடை வாசலில் சம்சாரிகள் கத்துவது போலவே இவள் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். இலவச மின்சாரத்தில் எரிந்த மோட்டாரை எந்தக் காட்டில் இலவசமாகக் கட்டித் தருகிறார்கள் என்று அந்த அம்மாவையே திருப்பிக் கேட்டுவிட்டாள். எங்கள் அப்பாவின் குரலே வந்துவிட்டது போல.

“இதைத்தான் காலையிலேயே எதிர்பார்த்தேன். புதிதாக இருக்கிறது. நான் பொறுப்பேற்கிறேன்” என்றார் பிராண்ட் அம்மா.

வாங்கிக்கொண்டு பேசாமல் வர வேண்டியதுதானே? மனசு கேட்கவில்லை. தான் காலையில் சொன்னது திரும்பி வருகிறேன் என்று அல்ல, எங்கள் ஊரில் போகும்போது அப்படித்தான் சொல்வோம் என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டாள். அந்த அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“அப்படியானால் நிஜமாகவே திரும்பி வர மாட்டேன் என்றால் என்ன சொல்வீர்கள்?”

சகாயசெல்வி யோசித்துப் பார்த்துவிட்டு, “அதற்கும் வருகிறேன் என்றுதான் சொல்வோம்” என்றாள்.

சரி, அங்கே ஜெயித்தாயிற்று. இப்போது அவளுக்கு எங்களை நினைத்துத்தான் கவலை. நான் அப்பாவிடம் சொல்லியிருப்பேன், அப்பா இடிந்துபோய் உட்கார்ந்திருப்பார், அம்மா மாதா படத்துக்கு முன்னால் அழுதுகொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டு பதறிப்போய்ப் போன் போட்டாள். இங்கே விளக்கு வைத்த நேரம். அப்பாதான் எடுத்தார், வாய் நிறைய வாழைப்பழத்தோடு. நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டோம்.

“அப்பா, அழுகாதீங்கப்பா. கெடச்சிருச்சுப்பா!”

“அதான் மத்தியானமே தெரியுமே ஆத்தா! ரெண்டாவது தாரு ஓடிக்கிட்டு இருக்கு!”

“என்ன தாரு? மத்தியானம் எப்படித் தெரியும்? மத்தியானம் மாட்டேன்னுல்ல சொன்னாக?”

அப்பா மெல்லுவதை நிறுத்தினார். அவள் ஆதியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். காலையில் மனசு விட்டுப்போய்த் தோத்துட்டேன், ஊருக்கே வாரேன் என்று சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டாளாம். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வயிற்றைத் தடவிக்கொண்டே மெதுவாக அடுப்படிப் பக்கம் நகர்ந்தேன். பிள்ளைத்தாச்சியை யார் என்ன செய்துவிட முடியும்?

“அப்ப, நான் ஒண்ணுமில்லாமத் திரும்பி வாரேன்னு அழுதுக்கிட்டுச் சொன்னப்ப, நீங்க இங்க ஊருக்கு வாழப்பழமா குடுத்துக்கிட்டு இருந்தீங்க?” அவள் குரல் போனுக்கு வெளியேயும் கேட்டது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

“ஆமா” என்றார் அப்பா. “எம்புள்ள வீட்டுக்கு வாரேன்னு சொல்லியிருக்கு. அதுக்குக் குடுக்காம வேற எதுக்குக் குடுக்கிறதாம்?”

அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சினாள். எனக்கும் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, மறைப்பானேன்? அப்பா போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு, சங்கிலியில் மிச்சம் இருந்த சீப்புகளை அறுத்து எடுத்துக்கொண்டு அடுத்த மில் பஸ்ஸை நிறுத்த ரோட்டுக்குப் போனார்.